பொது ஒலிபரப்புச் சட்டத்தில் முதலில் எந்தத் திருத்தத்தைக் கேட்பது?

சேர்வராயன் சரிவு (ஏற்காடு):

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் சிறிய அளவில் காப்பி பயிரிடுகிறேன். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் சில வாரங்களாக ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதிக் கழகத்துக்கான 1990ஆம் ஆண்டின் பிரசார் பாரதிச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படித்து வருகிறோம். படித்ததோடு நிறுத்திக்கொள்ளாமல், எங்கள் மக்களவை உறுப்பினரிடம் கோரிக்கை மனு ஒன்றைக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். ஏற்காடு சேலம் மாவட்டத்தில் இருந்தாலும், மக்களவைக்கு நாங்கள் கள்ளக்குறிச்சித் தொகுதியில் வாக்களிக்கிறோம். மனுவில் எதைக் கேட்பது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலருக்குத் தோன்றலாம். பழம் பறித்துத் தோல் நீக்கி, பார்ச்மென்ட்டை, அதாவது உள்ளோடு போகாத காப்பிக் கொட்டையைக் களத்தில் பரப்பிக் காய வைத்திருக்கும் மார்கழி மாதத்தில், பிற்பகலில் மலைக்கு மட்டும் மழை வருமா என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி. முன்கூட்டியே தெரிந்தால் கூட்டி அள்ளித் தார்ப்பாய் போட்டுவிடலாம். நனைந்துவிட்டால் பூஞ்சணம் பிடித்து வாடை ஏறிவிடும், வியாபாரி விலையைக் குறைத்துவிடுவார். வானொலியில் நாங்கள் கேட்பதோ, ‘உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்’ என்ற அளவிலான அறிவிப்பு. மலையின் உட்பகுதிகளில் கைப்பேசிக்குச் சிக்னல் நிலையாக இருப்பதில்லை. பறிப்புக்கு வரும் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கும் சரி, எங்களுக்கும் சரி, பேட்டரி போட்ட வானொலிப் பெட்டி இன்றும் அன்றாடம் பயன்படுகிற பொருள்தான்.

சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படித்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. பொது நலன் சார்ந்த எல்லாச் செய்திகளையும் தங்குதடையின்றியும் உண்மையாகவும் நடுநிலையோடும் அறியும் குடிமக்களின் உரிமையைப் பாதுகாக்க வேண்டும், மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்தே வழங்க வேண்டும், வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழலுக்கும் தனிக் கவனம் செலுத்த வேண்டும், அந்தந்த வட்டாரத்தின் மொழியிலும் பேச்சு வழக்கிலும் நிகழ்ச்சிகள் தர வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. இவ்வளவு நல்ல சட்டம் இருக்கும்போது குறை எங்கே இருக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. பணத்தில் என்று சிலர் சொல்கிறார்கள். பணியாளர் நியமனத்தில் என்று சிலர் சொல்கிறார்கள். கழகத்தின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையில் என்று வேறு சிலர். ஒரே ஒரு திருத்தத்தைத்தான் கேட்க முடியும் என்றால் நீங்கள் எதைக் கேட்பீர்கள்? காரணத்தோடு எழுதினால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

நீதிமன்ற வளாகம் (சேலம்):

வணக்கம் ஐயா. சேலத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். நீங்கள் மேற்கோள் காட்டிய அதே 12ஆம் பிரிவில், இன்னும் சில வரிகள் கீழே இறங்கி ஆறாவது உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். இந்தப் பிரிவில் சொல்லப்பட்டவற்றை நிறைவேற்றத் தவறியது என்ற காரணத்துக்காக மட்டும் கழகத்தின் மீது எந்த உரிமையியல் பொறுப்பும் சாராது என்று அது சொல்கிறது. மேலே வரிசையாகக் கொடுத்த கடமைகள் அனைத்தையும், கேட்பவருக்கு வழக்காடும் உரிமை எதையும் தராத கடமைகளாக ஆக்கிவிட்டது அந்த ஒற்றை வரி. உங்கள் கேள்விக்கு என் விடை அதில்தான் தொடங்குகிறது.

நீதிமன்றத்துக்குப் போக வழியில்லை என்றால், வேறு எங்கே முறையிடுவது என்ற கேள்வி வரும். சட்டத்தை எழுதியவர்கள் அதையும் எண்ணிப் பார்த்துத்தான் 14, 15 ஆகிய பிரிவுகளில் ஒலிபரப்பு மன்றம் என்ற அமைப்பை வைத்தார்கள். குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஒரு தலைவர், பத்து உறுப்பினர்கள், அவர்களோடு நான்கு நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொண்டது அது. ஒரு நிகழ்ச்சியோ கழகத்தின் செயல்பாடோ சட்டம் வகுத்த நோக்கங்களுக்கு ஒவ்வாமல் இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் அங்கே புகார் கொடுக்கலாம். புகார் நியாயமானது என்று மன்றம் கண்டால், நிர்வாக உறுப்பினருக்கு, அதாவது தலைமைச் செயல் அலுவலருக்கு அறிவுறுத்தும். அவர் ஏற்காவிட்டால் கழகத்தை நிர்வகிக்கும் வாரியத்தின் முன் வைக்க வேண்டும். வாரியமும் ஏற்காவிட்டால் அதற்கான காரணங்களைப் பதிவு செய்ய வேண்டும். மன்றம் விரும்பினால் தன் பரிந்துரையை ஒலிபரப்பவே உத்தரவிடலாம். 13ஆம் பிரிவு இன்னொரு வழியையும் தருகிறது. மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேருமாக 22 பேர் கொண்ட நாடாளுமன்றக் குழு, கழகம் தன் பணிகளைச் சட்டப்படி செய்கிறதா என்று மேற்பார்க்கும்.

சட்டம் நடைமுறைக்கு வந்தது 1997 செப்டம்பரில். இத்தனை ஆண்டுகள் கடந்தும் இந்த மன்றமும் அமைக்கப்படவில்லை, அந்தக் குழுவும் அமைக்கப்படவில்லை. நீதிமன்றக் கதவையும் அடைத்துவிட்டு, அதற்கு மாற்றாகச் சொன்ன வாசலையும் கட்டாமல் விட்டதுதான் இந்தச் சட்டத்தின் வரலாறு. ஆகவே நான் கேட்கச் சொல்வது இது: மன்றத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குள் அமைத்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் கெடு எழுதப்பட வேண்டும், அதுவரை ஆறாவது உட்பிரிவுக்குச் செயல்பாடு இருக்கக்கூடாது.

23ஆம் பிரிவையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். நாட்டின் இறையாண்மை, ஒற்றுமை, பாதுகாப்பு, பொது அமைதி ஆகியவற்றின் பொருட்டு, ஒன்றை ஒலிபரப்பாதே என்றோ, பொது முக்கியத்துவம் உள்ள ஒன்றை ஒலிபரப்பு என்றோ மத்திய அரசு கட்டளையிடலாம். அத்தகைய அதிகாரம் பல நாடுகளில் இருக்கிறது, அதில் எனக்குப் பெரிய மறுப்பு இல்லை. ஆனால் அரசின் கட்டளைப்படி ஒலிபரப்பப்படுகிறது என்ற செய்தியைக் கேட்பவருக்குச் சொல்வதைக் கழகத்தின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள். ‘அறிவிக்கலாம்’ என்பதை ‘அறிவிக்க வேண்டும்’ என்று மாற்றினால் போதும். கட்டளையின் நகலை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது என்பதால், இதை மறைக்க வேண்டிய தேவை எதுவும் அரசுக்கு இருக்க முடியாது.

இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் 1995 பிப்ரவரியில், அலைக்கற்றை பொதுச்சொத்து, அது அரசின் ஏகபோகமாகவும் இருக்கக்கூடாது, தனியார் ஏகபோகமாகவும் இருக்கக்கூடாது, பொதுமக்களின் நலனுக்காக இயங்கும் தன்னாட்சி அமைப்பு அதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் மனுவின் முதல் பத்தியில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய அலைவரிசை (அஸ்தம்பட்டி):

வழக்கறிஞர் அவர்களின் விளக்கம் மிகத் தெளிவாக இருக்கிறது. இருந்தாலும் அவர் வைக்கும் வரிசையை நான் ஏற்கவில்லை. ஒலிபரப்புத் துறையில் பொறியாளராகத் தமிழ்நாட்டின் பல நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். புகார் மன்றம் நாளையே அமைந்து, ஏற்காட்டுக்குத் தனி வானிலை அறிவிப்பு வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தயாரிக்க நிலையத்தில் யார் இருக்கிறார்கள்? எந்தப் பணத்தில் தயாரிப்பது?

முதலில் பணம். சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வானொலிப் பெட்டி உரிமக் கட்டணம் ஏதேனும் வசூலானால் அந்தத் தொகையையும், அதற்கு மேல் தான் தேவை என்று கருதும் தொகையையும் மத்திய அரசு கழகத்துக்குக் கொடுக்கலாம். உரிமக் கட்டணம் சட்டம் இயற்றப்படுவதற்கு முன்பே, 1980களின் நடுவிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. எங்கள் தந்தையார் காலத்தில் அஞ்சலகத்தில் கட்டி முத்திரை வாங்கி வந்த கட்டணம் அது. ஆக, சட்டப்படி மிஞ்சியிருப்பது அரசு தேவை என்று கருதும் தொகை மட்டுமே. அமைச்சகத்தின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக இருக்கும் நிறுவனம், அந்த அமைச்சகத்தை எதிர்த்து எப்படிச் செய்தி வாசிக்கும்?

அடுத்தது ஆள். கழகமே தன் பணியாளர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் பணியமர்த்தல் வாரியம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கழகம் உருவானது 1997இல், அந்த வாரியம் அமைந்ததோ 2020இல். இடைப்பட்ட ஆண்டுகளில் ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டே வந்ததை நான் உள்ளே இருந்து பார்த்தேன். ஒருவர் செய்தி தயாரிப்பார், அவரே ஒலிப்பதிவும் செய்வார், அவரே மாலையில் அறிவிப்பாளராகவும் உட்காருவார். 2007 அக்டோபர் 5ஆம் தேதிக்குள் பணியில் சேர்ந்தவர்கள் மத்திய அரசிலிருந்து கழகத்துக்கு அயற்பணியில் (டெபுடேஷனில்) வந்தவர்களாகவே கருதப்படுவார்கள் என்று பின்னர் வந்த திருத்தச் சட்டம் சொன்னது. ஊழியர்களின் ஓய்வூதியத்துக்கு அது பாதுகாப்புத் தந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தன்னாட்சி பெற்ற நிறுவனம் ஒன்றில் பெரும்பாலானோர் அரசு ஊழியர்களாகவே நீடித்தார்கள் என்பதும் உண்மை.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பதில் தவறில்லை. ஜெர்மனியில் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று ஒலிபரப்புப் பங்களிப்பு வசூலிக்கிறார்கள். தொகை எவ்வளவு வேண்டும் என்று தனி வல்லுநர் ஆணையம் கணக்கிட்டுச் சொல்லும். 2020 இறுதியில் ஒரு மாநிலம் உயர்வுக்கு ஒப்புதல் தராமல் நிறுத்தியபோது, ஒலிபரப்பு சுதந்திரத்தில் நிதியும் அடங்கும் என்று சொல்லி அவர்களுடைய அரசியலமைப்பு நீதிமன்றம் 2021இல் உயர்வை நடைமுறைப்படுத்தியது. 2014இல் இன்னொரு வழக்கில், பொதுத் தொலைக்காட்சியின் மேற்பார்வைக் குழுக்களில் அரசு சார்ந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் சொன்னது. நம் நாட்டில் வீட்டுக்கு வீடு கட்டணம் கேட்டால் யாரும் ஏற்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது என்பது என் கருத்து. அதற்குப் பதில், நிதி ஆணையம் மாநிலங்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை பங்கு நிர்ணயிப்பதைப்போல, கழகத்துக்கும் ஐந்தாண்டுத் தொகையைச் சுதந்திரமான குழு நிர்ணயித்து, அதைச் சட்டப்படி தர வேண்டிய தொகையாக ஆக்கலாம். பிரசார் பாரதியை ஆராய்ந்து 2014 ஜனவரியில் அறிக்கை தந்த சாம் பிட்ரோடா குழுவும் நிதி, பணியாளர் ஆகிய இரண்டிலும் உண்மையான தன்னாட்சி வேண்டும் என்றுதான் எழுதியது. அதற்கும் முன்பே, நெருக்கடி நிலைக்குப் பின் அமைக்கப்பட்ட வர்கீஸ் குழு 1978இல் தேசிய அளவிலான பொறுப்பாண்மை அமைப்பையே கேட்டது. அறிக்கைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

வானொலியால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1960களில் ஏடிடீ 27 என்ற புதிய நெல் ரகத்தைத் தஞ்சை விவசாயிகளிடம் கொண்டு சேர்த்ததில் திருச்சி வானொலிக்குப் பெரும் பங்கு உண்டு. மக்கள் அதை வானொலி நெல் என்றே அழைத்தார்கள். வேளாண் துறையும் நிலையமும் விவசாயியும் ஒரே கோட்டில் நின்று செய்த வேலை அது. ஊருக்குப் போய் விவசாயியின் குரலைப் பதிவு செய்து வர நிலையத்தில் அப்போது ஆள் இருந்தார்கள்.

மரவள்ளிக் காடு (வாழப்பாடி):

ஐயா சொன்ன வானொலி நெல் எங்கள் அப்பாரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் ஏற்காடு ஐயாவின் தொகுதிக்காரன்தான், ஆகவே மனுவில் என் கையெழுத்தும் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் மரவள்ளியில் புதிய மாவுப்பூச்சி பரவி, குருத்து சுருண்டு, செடி குட்டையாகி நின்றபோது என்ன மருந்து அடிப்பது என்று தெரியாமல் கடைக்காரர் கொடுத்ததையெல்லாம் அடித்தவர்கள் எங்கள் பக்கத்தில் பலர் இருந்தார்கள். அந்தப் பூச்சியை உண்ணும் ஒட்டுண்ணிக் குளவியை வெளியிலிருந்து கொண்டு வந்து விட்டுத்தான் கட்டுப்படுத்த வேண்டும், கண்டபடி மருந்து அடித்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் சேர்ந்து சாகும் என்பது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிய வந்தது. மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் நிறைந்த சேலம், நாமக்கல் பகுதிக்கு அந்த ஒரு செய்தியைத் தினமும் காலையில் எங்கள் பேச்சிலேயே சொல்லியிருந்தால் எத்தனையோ பேருக்கு மருந்துச் செலவு மிஞ்சியிருக்கும். தனியார் பண்பலைகளும் சமுதாய வானொலிகளும் தாங்களே செய்தி தயாரித்துச் சொல்ல அனுமதி இல்லை, ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம் என்பதுதான் விதி என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் வானொலியில் எங்கள் வட்டாரச் செய்தியைச் சொல்ல ஆகாசவாணியை விட்டால் வேறு ஆளே இல்லை. அந்த விதியைத் தளர்த்தவும் மனுவில் கேட்க வேண்டும்.

கேபிள் கம்பம் (ஓமலூர்):

வழக்கறிஞர் ஐயாவுக்கு ஒரு கேள்வியும் என் தரப்புச் செய்தி ஒன்றும். நான் கேபிள் தொழிலில் இருக்கிறேன். 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட தூர்தர்ஷன் அலைவரிசைகளை நாங்கள் கட்டாயம் தர வேண்டும், தந்துகொண்டும் இருக்கிறோம். ஆனால் நாட்டுக்கு முக்கியமான கிரிக்கெட் போட்டி நடக்கும்போது, இலவச டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் அது தெரிகிறது, மாதச் சந்தா கட்டும் என் வாடிக்கையாளர் வீட்டில் தெரிவதில்லை. திட்டு வாங்குவது நான்.

விளையாட்டு ஒலிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம், தரைவழி (ஆண்டெனா) ஒளிபரப்புக்கும் தூர்தர்ஷனின் இலவச டிஷ் (டிடிஎச்) சேவைக்கும் மட்டுமே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்ததுதான் காரணம் என்று சொல்கிறார்கள். தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்போ 2022 மார்ச்சுக்குள் மிகச் சில இடங்கள் தவிர எங்கும் நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே டிஷ் இல்லாத வீட்டுக்கு அந்தச் சட்டத்தால் கிடைப்பது வானொலி வர்ணனை மட்டுமே. இதைத் திருத்துவதற்கு வழி உண்டா?

நீதிமன்ற வளாகம் (சேலம்):

ஓமலூர் நண்பருக்கு: நீங்கள் சொன்னது சரி. தீர்ப்பு அன்றைய சட்டத்தின் வாசகத்தைப் பொருத்தது, ஆகவே வாசகத்தை நாடாளுமன்றம் மாற்றினால் நிலைமை மாறும். ஆனால் உரிமத்துக்குப் பெரும் பணம் கொடுத்த தனியார் நிறுவனங்கள் எதிர்க்கும். இந்த மனுவோடு அதைச் சேர்க்காமல் தனியாகக் கேட்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

அஸ்தம்பட்டி ஐயா கேட்ட கேள்வி கனமானது. பணமும் ஆளும் இல்லாமல் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் ஒலிபரப்ப முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் வரிசையை மாற்றிக்கொள்ளாததற்கு நடைமுறை சார்ந்த காரணம் உண்டு. அமைச்சர் அல்லாத நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தன் சார்பில் தனிநபர் மசோதா கொண்டு வரலாம். ஆனால் நாட்டின் தொகுப்பு நிதியிலிருந்து செலவு ஏற்படுத்தும் மசோதாவாக இருந்தால், அரசியலமைப்பின் 117ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் அவை அதை நிறைவேற்ற முடியாது. குடியரசுத் தலைவர் என்றால் இங்கே அமைச்சரவை என்று பொருள். ஐந்தாண்டு நிதித் திட்டம் அந்த வகையில் வரும். ‘அறிவிக்கலாம்’ என்பதை ‘அறிவிக்க வேண்டும்’ என்று மாற்றுவதற்கும், ஆறாவது உட்பிரிவை நிறுத்தி வைப்பதற்கும் அந்தத் தடை இல்லை.

சேர்வராயன் சரிவு (ஏற்காடு):

எல்லோருக்கும் நன்றி. ஒன்றை மட்டும் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். தனிநபர் மசோதாக்கள் சட்டமானதே இல்லை என்று எங்கள் வட்டத்தில் ஒருவர் உறுதியாகச் சொன்னார். அப்படியென்றால் எங்கள் உறுப்பினரை அதற்கு வற்புறுத்துவதில் பயன் உண்டா? தலைவர் நியமனத்தைப் பற்றியும் ஒரு வரி சொல்லுங்கள்.

நீதிமன்ற வளாகம் (சேலம்):

ஆகியிருக்கின்றன, ஆனால் கடைசியாக ஆனது 1970இல். அதனால் பயனில்லை என்று விட்டுவிட வேண்டாம். திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டு வந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரலில் நிறைவேற்றியது. அது மக்களவையைத் தாண்டவில்லை என்றாலும், அரசு தானே ஒரு சட்டத்தைக் கொண்டு வர வேண்டிய நிலையை உருவாக்கியது. 2019இல் வந்த சட்டத்தில் பல குறைகள் இருந்தன என்பது வேறு விவாதம்.

இன்னொரு வழி மனுக்கள் குழு. மக்களவை உறுப்பினர் ஒருவர் மேலொப்பமிட்டு அவையில் வைத்தால், பொது நலன் சார்ந்த மனுவை அந்தக் குழு எடுத்து விசாரிக்கலாம், அமைச்சகத்திடம் விளக்கமும் கேட்கலாம். அதற்கு முன், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு கேள்விகளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 13, 14 ஆகிய பிரிவுகளின் கீழ்க் குழுவையும் மன்றத்தையும் அமைக்க எடுத்த நடவடிக்கைகளின் கோப்பு நகல் ஒன்று. 23ஆம் பிரிவின் கீழ் இதுவரை பிறப்பித்த கட்டளைகளின் நகல் மற்றொன்று. வரும் பதிலை மனுவோடு இணைத்தால் அமைச்சகம் பொதுவாகப் பேசி நழுவ முடியாது.

தலைவரை மூவர் குழு பரிந்துரைக்கிறது: மாநிலங்களவைத் தலைவர், பத்திரிகை மன்றத் தலைவர், குடியரசுத் தலைவர் பெயர் குறிக்கும் ஒருவர். தகவல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் எதிர்க்கட்சித் தலைவருக்கு இடம் இருப்பதைப்போல இங்கே இல்லை. அந்த இடத்தைச் சேர்ப்பதற்கும் செலவு எதுவும் ஆகாது, ஆகவே மூன்றாவது கோரிக்கையாக அதைச் சேர்க்கலாம்.

பழைய அலைவரிசை (அஸ்தம்பட்டி):

மனுக்கள் குழு என்ற வழி எனக்கும் பிடித்திருக்கிறது. அந்தக் குழு விசாரிக்கும்போது நிதியையும் பணியிடங்களையும் பற்றிக் கேட்பதற்குத் தடை எதுவும் இல்லை அல்லவா? அப்படியென்றால் மனுவின் பின்னிணைப்பாக, நம் பகுதிக்கு ஒலிபரப்பும் நிலையங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை என்ற பட்டியலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தில் எந்தெந்தப் பதவிப் பெயர்களைக் குறிப்பிட்டால் முழு விவரம் கிடைக்கும் என்பதை நான் எழுதித் தருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் வட்டம் கூடுமானால் நேரில் வரவும் தயார்.